கேள்வி–பதில்: பீசோ பஸ்ஸரும் ஹார்ன் ஸ்பீக்கரும்

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி முதல் மூக்கையூர் வரையுள்ள வாசகர்கள் ஒலி எழுப்பும் சிறு சுற்றுகளைப் பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம். பதில்களைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். மின்சாரத்தின் கண்ணுக்கு பீசோ டிஸ்க் (வோல்டேஜ் கொடுத்தால் வளையும் பீங்கான் ஒட்டிய தகடு) ஒரு கண்டென்சர். ஹார்ன் ஸ்பீக்கர் ஒரு காயில். ஒன்றுக்கான சுற்றை மற்றதில் மாட்டினால் சத்தம் வராது, அல்லது ஏதாவது ஒன்று கருகும். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்தக் குழப்பத்தில் பிறந்தவைதான்.

பழைய பொம்மையிலிருந்து எடுத்த பித்தளை வட்டத்தை 9 வோல்ட் பேட்டரியில் தொட்டால் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம்தான். கடையில் வாங்கிய கறுப்பு பஸ்ஸரோ அதே பேட்டரியில் விடாமல் கத்துகிறது. இரண்டும் பீசோ என்றுதானே சொல்கிறார்கள்? – பாம்பன் வாசகர்

இரண்டும் பீசோதான். கறுப்பு பஸ்ஸருக்குள் டிஸ்க்கோடு சேர்த்து ஒரு சிறிய ஆசிலேட்டரும் இருக்கிறது. டி.சி. கொடுத்ததும் அது தானே துடிப்புகளை உண்டாக்கி டிஸ்க்கை ஆட்டுகிறது. உங்கள் கையிலிருப்பது வெறும் டிஸ்க்: பித்தளைத் தகடு, அதன்மேல் ஒட்டிய பீங்கான், அதன்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு. வோல்டேஜ் மாறும் நொடியில் மட்டுமே தகடு வளையும். பேட்டரியைத் தொட்டதும் ஒரு முறை வளைந்து, சார்ஜ் ஏறி, அப்படியே நின்றுவிடும். அதுதான் நீங்கள் கேட்ட ‘டிக்’. வேகமாக ஏறி இறங்கும் வோல்டேஜ் கொடுத்தால்தான் அது பாடும்.

அதற்கு 555 என்ற டைமர் ஐ.சி. போதும். 8, 4 இரண்டு பின்களும் பாசிட்டிவுக்கு, 1 நெகட்டிவுக்கு. 8-க்கும் 7-க்கும் நடுவே 1 கிலோ ஓம். 7-க்கும் 6-க்கும் நடுவே 15 கிலோ ஓமும் அதோடு தொடராக 22 கிலோ ஓம் பிரிசெட்டும் (திருகித் தடையை மாற்றும் ரெசிஸ்டர்). 6, 2 இரண்டையும் சேர்த்து, அங்கிருந்து நெகட்டிவுக்கு 103 என்று அச்சிட்ட கண்டென்சர், அதாவது 0.01 மைக்ரோபாரட். 5-லிருந்து நெகட்டிவுக்கு இன்னொரு 103. பின் 3-லிருந்து 100 ஓம் வழியாக டிஸ்க்கின் ஒரு முனை, மறுமுனை நெகட்டிவ். ஐ.சி.யின் சப்ளை பின்களுக்குப் பக்கத்திலேயே 100 மைக்ரோபாரட் ஒன்று, 0.1 மைக்ரோபாரட் ஒன்று. பிரிசெட்டைத் திருப்பினால் சுமார் 1,900 முதல் 4,600 ஹெர்ட்ஸ் வரை போகும். டிஸ்க்குகளின் இயல்பான அதிர்வெண்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் விழும்.

555 இல்லாமல் ஒற்றை பி.சி.547 டிரான்சிஸ்டரால் ஓட்டுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். டிரான்சிஸ்டர் டிஸ்க்கில் சார்ஜ் ஏற்றும். இறக்க வழி வேண்டும். டிஸ்க்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1 கிலோ ஓம் போடாவிட்டால் மறுபடியும் ‘டிக்’ கதைதான். 555-இன் வெளியீடு தானே மேலும் கீழும் இழுப்பதால் அதற்கு இது தேவையில்லை.

டிஸ்க்கில் வயர் வைக்கும்போது சூட்டுக்கோலை வெள்ளிப் பூச்சின்மேல் இரண்டு நொடிக்கு மேல் வைக்காதீர்கள். வெள்ளி ஈயத்தில் கரைந்து போய்விடும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் எதுவும் ஒட்டாது.

555 சுற்று வேலை செய்கிறது. ஆனால் சத்தம் கொசு மாதிரி இருக்கிறது. வத்தைப் படகில் இன்ஜின் ஓடும்போது காதில் விழவே இல்லை. பேட்டரியை 12-லிருந்து 24 வோல்ட்டாக மாற்றலாமா? – தங்கச்சிமடம் வாசகர்

பேட்டரியில் கை வைக்காதீர்கள். 555 தாங்குவது 16 வோல்ட் வரைதான். நீங்கள் தேடும் சத்தம் வேறு மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது.

முதலாவது, அதிர்வெண். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அது ஆசையாகப் பாடும் ஒரே ஒரு சுருதி உண்டு. 20 மி.மீ. டிஸ்க்குக்கு ஏறக்குறைய 6.3 கிலோஹெர்ட்ஸ், 27 மி.மீ.க்கு 4.6, 35 மி.மீ.க்கு 2.8. பிரிசெட்டை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் சத்தம் சட்டென்று எகிறும். அதுதான் இடம். அதைத் தாண்டி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கொஞ்சம் நகர்ந்தாலும் படுத்துவிடும். டிஸ்க்கைப் பெட்டியில் பொருத்திய பிறகுதான் இந்தத் திருகலைச் செய்ய வேண்டும்; பொருத்தும் விதம் சுருதியை மாற்றும்.

வத்தைக்கு 35 மி.மீ. டிஸ்க்கையே வாங்குங்கள். வருடக்கணக்கில் டீசல் இன்ஜின் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களின் காது முதலில் இழப்பது 4 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை. 27 மி.மீ. பஸ்ஸர் கத்துவதும் ஏறக்குறைய அங்கேதான். பக்கத்தில் நிற்கும் சின்னப் பையனுக்கு எரிச்சலூட்டும் சத்தம் படகை ஓட்டும் ஸ்ராங்குக்குக் கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். 2.8 கிலோஹெர்ட்ஸில் அந்தத் தொல்லை குறைவு.

இரண்டாவது, பொருத்தும் விதம். டிஸ்க்கை முழுதாகப் பெட்டியில் ஒட்டிவிடுகிறார்கள். பசை அதன் அசைவை அமுக்கிவிடுகிறது. டிஸ்க் அதிரும்போது நடுப்பகுதி ஒரு பக்கமும் விளிம்பு எதிர்ப் பக்கமும் அசையும். இடையில் ஒரு வட்டம் மட்டும் அசையாமல் இருக்கும். அதன் விட்டம் டிஸ்க்கின் விட்டத்தில் சுமார் 0.65 பங்கு. 35 மி.மீ. டிஸ்க்கில் அது 23 மி.மீ. பிடிக்க வேண்டிய இடம் அதுதான். 25 மி.மீ. பி.வி.சி. குழாயிலிருந்து 4 மி.மீ. உயரத்துக்கு ஒரு வளையம் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்குங்கள். வளையத்தின் விளிம்பில் மெல்லிய கோடாக சிலிகான் வைத்து டிஸ்க்கின் பித்தளைப் பக்கத்தை மையம் பிசகாமல் அதன்மேல் ஒட்டுங்கள். வளையத்தின் மறுபக்கத்தை 1.5 மி.மீ. பிளாஸ்டிக் மூடியில் ஒட்டி, மூடியின் நடுவே 5 மி.மீ. துளை போடுங்கள். வளையத்துக்குள் அடைபட்ட காற்றும் துளையும் சேர்ந்து குடத்தின் வாயில் ஊதினால் எழும் ஒலியைப் போல ஒரு சுருதியைப் பிடிக்கும். இந்த அளவில் அது சுமார் 2.6 கிலோஹெர்ட்ஸ். துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக 6 மி.மீ. வரை விரித்தால் 2.9-க்கு ஏறும். டிஸ்க்கின் சுருதியும் காற்றின் சுருதியும் ஒன்றுசேரும் இடத்தில் நிறுத்துங்கள். அதே மின்சாரத்தில் வரும் சத்தத்தின் வித்தியாசத்தை நீங்களே கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாகத்தான் வோல்டேஜ். டிஸ்க்கின் ஒரு முனையை நெகட்டிவில் கட்டிப்போடாமல் இரு முனைகளையும் எதிரெதிராக ஆட்டினால், அதே 12 வோல்ட்டில் டிஸ்க்குக்கு 24 வோல்ட் ஆட்டம் கிடைக்கும்; 6 டெசிபல் கூடும். சி.டி.40106 ஐ.சி.யில் ஆறு இன்வெர்ட்டர்கள் (உள்ளே வருவதைத் தலைகீழாக்கி வெளியே தரும் சிறு சுற்றுகள்) இருக்கின்றன. 555-இன் பின் 3-ஐ முதல் இன்வெர்ட்டருக்கும், நான்காவது ஐந்தாவது இன்வெர்ட்டர்களுக்கும் கொடுங்கள். நான்கு, ஐந்தின் வெளியீடுகளைச் சேர்த்தால் டிஸ்க்கின் ஒரு முனை. முதலாவதின் வெளியீட்டை இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் கொடுத்து, அவற்றின் வெளியீடுகளைச் சேர்த்தால் மறுமுனை. ஆறாவதின் உள்ளீட்டைச் சும்மா விடாதீர்கள், நெகட்டிவில் கட்டுங்கள், மிதக்கவிட்டால் ஐ.சி. தானாகத் துடித்துச் சூடாகும். சப்ளை பின் 14, நெகட்டிவ் பின் 7.

படகு பேட்டரியில் நேரடியாகச் சேர்ப்பதானால் பாசிட்டிவ் வழியில் 100 ஓம் அரை வாட் ரெசிஸ்டரும், அதற்குப் பின்னால் நெகட்டிவுக்கு வோல்டேஜை எல்லைக்குள் நிறுத்தும் 15 வோல்ட் 1 வாட் ஜீனர் டயோடும் கட்டாயம். ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரி முனை தளர்ந்து விலகினால் எழும் வோல்டேஜ் எகிறலில் சாதாரண ஐ.சி. எதுவும் பிழைக்காது. 24 வோல்ட் வைத்திருக்கும் விசைப்படகுகளில் 7812 ரெகுலேட்டர் வழியாக 12 ஆக இறக்கித்தான் தர வேண்டும். சாதாரண டிஸ்க்குகள் 30 வோல்ட் ஆட்டம் வரைதான் தாங்கும். அதற்கு மேல் பீங்கானின் பீசோ குணமே மங்கிப் போகும், அல்லது விரிசல் விழும்.

ஆர்டுயினோ போர்டின் பின்னில் பஸ்ஸரை நேரடியாகக் கொடுக்கலாமா? – தேவிபட்டினம் மாணவர்

வெறும் பீசோ டிஸ்க் என்றால் 220 ஓம் தொடராகப் போட்டுக் கொடுக்கலாம். காந்த வகை பஸ்ஸர் கூடாது. அதற்குள் காயில் இருக்கிறது. 42 ஓம் காயில் என்றால் 5 வோல்ட்டில் 119 மில்லிஆம்பியர் இழுக்கும். ஆர்டுயினோவின் பின் தாங்கும் உச்சம் 40 மில்லிஆம்பியர். எந்த வகை என்று மல்டிமீட்டரில் பார்த்தாலே தெரியும்: டிஸ்க்கில் ஓம் காட்டாது, காயிலில் காட்டும். இன்னொன்று, டிஸ்க்கைத் தட்டினாலோ கீழே போட்டாலோ அதுவே பல பத்து வோல்ட் உண்டாக்கும். பின்னைக் காக்க டிஸ்க்குக்குக் குறுக்கே 5.1 வோல்ட் ஜீனர் ஒன்று வையுங்கள், கேத்தோடு முனை பின்னின் பக்கம்.

பைபர் படகின் அடியில் தண்ணீர் ஏறினால் கத்தும்படி ‘வாட்டர் லெவல் அலாரம்’ கட்டினேன். வீட்டுத் தொட்டியில் சரியாக வேலை செய்தது. படகில் வைத்தால் தண்ணீரே இல்லாதபோதும் ராத்திரி முழுக்க கத்துகிறது. – மண்டபம் வாசகர்

சுற்றில் பிழையில்லை. அது நல்ல தண்ணீருக்காகச் செய்யப்பட்டது. வீட்டுத் தொட்டி நீரின் மின்தடை அதிகம் என்பதால், இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு லட்சம் ஓம் இருந்தாலும் டிரான்சிஸ்டர் விழித்துக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள். படகில் கம்பிகளுக்கு நடுவே படிந்த உப்பு, ராத்திரி ஈரத்தை உறிஞ்சி ஒரு மெல்லிய மின்பாதையாகிவிடுகிறது. தண்ணீர் வந்துவிட்டது என்று சுற்று நம்புகிறது.

கடல்நீரில் ஐந்து சென்டிமீட்டர் மூழ்கிய இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே உள்ள தடை சில ஓம், மிஞ்சினால் சில பத்து ஓம். உப்புப் படலத்தின் தடையோ ஆயிரக்கணக்கில். ஆகவே சுற்றை மந்தமாக்குங்கள். பாசிட்டிவிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக முதல் போல்ட். இரண்டாவது போல்ட்டிலிருந்து நெகட்டிவுக்கு 220 ஓம். அதே போல்ட்டிலிருந்து 2.2 கிலோ ஓம் வழியாக பி.சி.547-இன் பேஸ், எமிட்டர் நெகட்டிவில், கலெக்டரில் ஆசிலேட்டர் உள்ளே இருக்கும் வகை பஸ்ஸர், அதன் மறுமுனை பாசிட்டிவில். 12 வோல்ட்டில் இது ஏறக்குறைய 2,800 ஓமுக்குக் கீழே இறங்கினால்தான் கத்தும். இரண்டு போல்ட்டுகளையும் ஒரே பலகையில் அடிக்காமல் 10 செ.மீ. தள்ளித் தனித்தனிப் பிளாஸ்டிக் துண்டுகளில் பொருத்துங்கள். உப்பு பாலம் கட்ட வேண்டிய தூரம் நீண்டுவிடும்.

போல்ட்டுக்கு 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அல்லது தீர்ந்துபோன டார்ச் கட்டையிலிருந்து எடுத்த கரிக்குச்சி. செம்புக் கம்பி வேண்டாம், டி.சி. ஓடும் கடல்நீரில் பாசிட்டிவ் பக்கக் கம்பி கரைந்து பச்சையாகிவிடும். எப்போதும் தேங்கி நிற்கும் மட்டத்துக்கு மேலே வையுங்கள். தண்ணீர் தொடாதவரை கரைசலும் இல்லை.

இத்தனைக்கும் பதிலாக, மிதவைக்குள் காந்தமும் தண்டுக்குள் காந்தம் நெருங்கினால் மூடும் ரீட் சுவிட்ச்சும் உள்ள மிதவை சுவிட்ச் வாங்கிவிட முடியும் என்றால் அதையே வாங்குங்கள். உலோகம் எதுவும் தண்ணீரைத் தொடுவதில்லை. எங்கள் சிபாரிசு அதுதான். அலை ஆட்டத்தில் விட்டுவிட்டுக் கத்தாமலிருக்க, அதை இரண்டங்குலக் குழாய்க்குள் நிறுத்தி அடியில் 5 மி.மீ. துளை ஒன்றும், காற்று போக மேலே ஒன்றும் போடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் மெல்லத்தான் ஏறி இறங்கும். அதே சுவிட்ச்சில் பம்ப்பை நேரடியாக ஓட்டாதீர்கள். ரீட் சுவிட்ச் தாங்குவது அரை ஆம்பியர் அளவுதான். பம்ப்புக்கு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) வேண்டும். எந்த அலாரமானாலும் பேட்டரி முனையிலேயே 2 ஆம்பியர் பியூஸ் போட்டுவிடுங்கள்.

இறால் பண்ணையில் ராத்திரி கரண்ட் போய் ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் துடுப்பு இயந்திரம்) நின்றால் 200 மீட்டர் தள்ளியிருக்கும் காவல் குடிசையில் கேட்கும்படி அலாரம் வேண்டும். பெரிய பஸ்ஸர் வைத்தும் கேட்கவில்லை. – தொண்டி வாசகர்

கணக்குப் போட்டால் ஏன் கேட்கவில்லை என்று தெரிந்துவிடும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். பஸ்ஸரின்மேல் 85 டெசிபல் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 10 செ.மீ. தூரத்தில் அளந்தது. ஒரு மீட்டரில் அது 65. இருநூறு மீட்டரில் 19. ஏரேட்டர் துடுப்புச் சத்தம், காற்று இவற்றுக்கு நடுவே 19 டெசிபல் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஹார்ன் ஸ்பீக்கர் 1 வாட்டுக்கே ஒரு மீட்டரில் 105 டெசிபல் அளவு தரும். 4 வாட்டில் 111. இருநூறு மீட்டர் கடந்து 65. பேச்சுச் சத்தத்துக்கு இணையான அளவு அது, தூங்குபவரை எழுப்பும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்றுக்கு எதிர்த்திசையில் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும். ஆகவே குடிசை காற்றின் எந்தப் பக்கம் என்று பார்த்து ஹார்னை உயரத்தில், குடிசையை நோக்கி வையுங்கள். முடிந்தால் குடிசைக்குள்ளேயே ஒரு பஸ்ஸரும் அதே வயரில் சேரட்டும்.

சைரனுக்கு யூ.எம்.3561 ஐ.சி. அது 3 வோல்ட் ஆள். 12 வோல்ட்டை நேரே கொடுத்தால் போய்விடும். 12 வோல்ட்டிலிருந்து 680 ஓம், அதற்குப் பின்னால் நெகட்டிவுக்கு 3.3 வோல்ட் ஜீனர், கூடவே 100 மைக்ரோபாரட். அங்கிருந்து பின் 5-க்கு. பின் 2 நெகட்டிவ். 7-க்கும் 8-க்கும் நடுவே 220 கிலோ ஓம். 1, 6 இரண்டையும் எதிலும் சேர்க்காமல் விட்டால் போலீஸ் சைரன். 6-ஐ பின் 5-இல் சேர்த்தால் தீயணைப்பு வண்டி. நெகட்டிவில் சேர்த்தால் ஆம்புலன்ஸ். ஊர் பக்கத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் வைக்க வேண்டாம், மக்களைக் குழப்பும்.

பின் 3-லிருந்து 1 கிலோ ஓம் வழியாக டி.ஐ.பி.122 டிரான்சிஸ்டரின் பேஸ். எமிட்டர் நெகட்டிவ். கலெக்டருக்கும் 12 வோல்ட் பாசிட்டிவுக்கும் நடுவே 8 ஓம் ஹார்ன். ஹார்னின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு யூ.எஃப்.4007 டயோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். டிரான்சிஸ்டர் அணையும் நொடியில் காயில் எதிர்த்து உதைக்கும் வோல்டேஜை இந்த டயோடு விழுங்கும். டிரான்சிஸ்டருக்கு உள்ளங்கையில் பாதி அளவுக்கு அலுமினியத் தகடு போதும்.

இந்த எளிய சுற்றில் ஒரு குறை உண்டு. ஹார்னுக்குள் மின்சாரம் ஒரே திசையில்தான் ஓடுகிறது. மொத்தம் 7.5 வாட் போனால் அதில் பாதிதான் ஒலிக்குப் பயன்படும் ஆட்டம். மீதி, டயபிரத்தை (ஒலி எழுப்பும் சவ்வை) ஒரு பக்கமாகத் தள்ளிவைத்துக்கொண்டு காயிலைச் சுடவைக்கும். எனவே 15 வாட்டுக்குக் குறைந்த யூனிட் வாங்காதீர்கள். அதைவிட முக்கியம், அலாரத்தை இயக்கும் சுவிட்ச் பேட்டரியிலிருந்து வரும் மொத்த சப்ளையையும் துண்டிக்க வேண்டும். ஐ.சி.யை மட்டும் கட்டுப்படுத்தி, அதன் வெளியீடு உயர்ந்த நிலையில் சிக்கிக்கொண்டால் சத்தமே இல்லாமல் 15 வாட் டி.சி. காயிலில் இறங்கும். சில நிமிடங்களில் காயில் கருகும்.

கரண்ட் போனதை எப்படி அறிவது? மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ஏதாவது ஒரு ஃபேஸில் ரிலே வைப்பதைவிட நல்ல வழி ஏரேட்டர் ஸ்டார்ட்டரிலேயே இருக்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் தரும் கான்டாக்டரில் (மின்காந்த சுவிட்ச்) துணைக் கான்டாக்ட் ஒன்று ‘நார்மலி குளோஸ்டு’ வகையில் இருக்கும். மோட்டார் ஓடும்போது அது திறந்திருக்கும். கரண்ட் போனாலும், ஓவர்லோடு ட்ரிப் ஆனாலும் கான்டாக்டர் விழுந்து அது மூடிக்கொள்ளும். எல்லா ஏரேட்டர்களின் துணைக் கான்டாக்ட்டுகளையும் பேரலலாக இணைத்து, 12 வோல்ட் பேட்டரிக்கும் அலாரத்துக்கும் நடுவே கொடுத்தால் எந்த ஒன்று நின்றாலும் ஹார்ன் கத்தும். நீங்களே நிறுத்திவைக்கும் ஏரேட்டருக்காக ஒவ்வொன்றிலும் தொடராக ஒரு சிறு சுவிட்ச் வையுங்கள். வெறும் ரிலே வைத்தவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: மூன்றில் ஒரு ஃபேஸ் மட்டும் போனால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரே அந்தக் கம்பியில் வோல்டேஜைத் திருப்பி உண்டாக்கும். ரிலே விழாது, மோட்டார் கருகும். அதற்கென்றே இருக்கும் சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டர் ஸ்டார்ட்டரோடு இருக்கட்டும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் 415 வோல்ட் இருக்கிறது. அந்த இணைப்பை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். துணைக் கான்டாக்ட்டின் 12 வோல்ட் வயரையும் மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டாமல் தனியாக வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள்.

புதிய 7 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரியில் இந்த ஹார்ன் சுமார் எட்டு மணி நேரம் கத்தும். 13.6 வோல்ட் அளவில் எப்போதும் சார்ஜரிலேயே (மிதவைச் சார்ஜ்) வையுங்கள். வாரம் ஒருமுறை ஒரு ஏரேட்டரை அணைத்து அலாரம் வருகிறதா என்று பார்ப்பது அவசியம். கரையைக் கரைத்துக் குளத்துக்குள் போகும் மழை, தவளை, எலி எல்லாம் வயரையும் தேடி வரும் இடம் அது. குளத்து நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடிவதற்கு முந்திய நேரம்தான். அப்போது அலாரம் மௌனமாக இருந்துவிடக் கூடாது.

பள்ளிவாசலில் கழற்றி வைத்த பழைய ஹார்ன் ஒன்றை இதே மாதிரி சைரன் சுற்றில் மாட்டினேன். சத்தம் மிக மெலிதாக வருகிறது. ஹார்ன் கெட்டுவிட்டதா? – கீழக்கரை வாசகர்

கெட்டிருக்காது. பெரிய ஒலிபெருக்கி அமைப்புகளில் 100 வோல்ட் லைன் பயன்படும். ஹார்னின் பின்பக்கம் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் இருக்கும். 15 வாட் ஹார்ன் அந்த லைனுக்கு 667 ஓமாகத் தெரியும். 12 வோல்ட் சுற்றால் அதற்குள் கால் வாட்கூட அனுப்ப முடியாது. மல்டிமீட்டரை வையுங்கள். 6 முதல் 7 ஓம் காட்டினால் நேரடி 8 ஓம் யூனிட். பல பத்து ஓமோ அதற்கு மேலோ காட்டினால் டிரான்ஸ்பார்மர் நடுவே இருக்கிறது. பின்மூடியைத் திறந்து, டிரான்ஸ்பார்மரை விலக்கி, யூனிட்டின் இரு முனைகளிலிருந்து நேராக வயர் எடுத்தால் உங்கள் சைரன் சுற்றுக்குப் பொருந்தும்.

அந்த டிரான்ஸ்பார்மரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீண்ட தூரத்துக்கு 100 வோல்ட் லைன்தான் சரி. 1 சதுர மி.மீ. செம்பு வயரில் 100 மீட்டர் போய்த் திரும்பினால் 3.5 ஓம். 8 ஓம் ஹார்னோடு அது சேரும்போது வோல்டேஜில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வயரிலேயே போய்விடும். 667 ஓமுக்கு முன்னால் 3.5 ஓம் ஒரு பொருட்டே இல்லை.

அறிவிப்புக்காகப் பேச்சையும் அனுப்பப் போகிறீர்கள் என்றால் டி.டி.ஏ.7297 போர்டு 12 வோல்ட்டில் 8 ஓமுக்கு ஏழு வாட் அளவு தரும். அப்போது ஹார்னோடு தொடராக 50 மைக்ரோபாரட் வையுங்கள்: இரண்டு 100 மைக்ரோபாரட் கண்டென்சர்களை நெகட்டிவும் நெகட்டிவும் சேரும்படி முதுகோடு முதுகாக இணைத்தால் கிடைக்கும். சுமார் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அது வடிகட்டும். ஹார்னின் குழல் அந்தத் தாழ்ந்த ஒலியைச் சுமக்காது. எதிர்க்கக் காற்றுப் பிடிப்பு இல்லாத டயபிரம் எல்லை மீறி ஆடிக் கிழியும். மைக்கில் ‘டப்’ என்று ஊதிப் பார்க்கும் பழக்கத்தால் போன யூனிட்டுகள் ஏராளம்.

எந்த பஸ்ஸரும் ஒரு வாடைக்காலத்தைத் தாண்டுவதில்லை. எப்படிக் காப்பாற்றுவது? – ஏர்வாடி வாசகர்

உப்பு முதலில் தின்பது சால்டரிங் செய்த முனைகளை. போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காயவைத்து, காப்பு வார்னிஷை இரண்டு முறை பூசுங்கள். பிரிசெட்டைத் திருகி முடித்த பிறகு பூசுங்கள். டிஸ்க்கின்மேல் கனமாகப் பூசாதீர்கள், சுருதி இறங்கிவிடும். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். அது செம்பை அரிக்கும். வாடையில்லாத ‘நியூட்ரல் கியூர்’ வகையைக் கேட்டு வாங்குங்கள். வயர் வெள்ளீயம் பூசிய செம்பாக இருந்தால் நல்லது. இணைப்புகளுக்கு உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். ஹார்னின் வாய் சற்றே கீழ்நோக்கட்டும். அலுமினிய ஹார்னை ஸ்டெயின்லெஸ் போல்ட்டால் பிடித்தால் அலுமினியம் மாவாக உதிரும்; நடுவே நைலான் வாஷரும் கிரீஸும் வையுங்கள். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலம் இந்த வேலைகளை முடிக்க ஏற்ற நேரம்.

இந்த ஹார்னையே மூடுபனியில் கப்பல்களுக்கு எச்சரிக்கையாகப் பயன்படுத்தலாமா? – மூக்கையூர் வாசகர்

படகின் நீளத்தைப் பொறுத்தது. 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகில் விதிப்படியான விசில் இருக்க வேண்டும். கையால் செய்த ஹார்ன் அதற்கு ஈடாகாது, அங்கீகாரம் பெற்றதை வாங்குங்கள். 12 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு விசில் கட்டாயமில்லை, ஆனால் திறமையான ஒலி எழுப்ப ஏதாவது ஒரு கருவி இருந்தே ஆக வேண்டும். 8 ஓம் ஹார்ன் அந்த வேலைக்கு உதவும். பீசோ உதவாது.

ஏறி இறங்கும் சைரன் ஒலி வேண்டாம். சிறு கப்பல்களின் விசிலுக்கு விதி சொல்வது 250 முதல் 700 ஹெர்ட்ஸ் வரை. முதல் பதிலில் சொன்ன 555 சுற்றில் கண்டென்சரை 0.1 மைக்ரோபாரட் ஆக்கி, பிரிசெட்டை எடுத்துவிட்டு 15 கிலோ ஓமை மட்டும் வைத்தால் சுமார் 460 ஹெர்ட்ஸ் வரும். பின் 3-லிருந்து 1 கிலோ ஓம் வழியாக டி.ஐ.பி.122-க்குக் கொடுங்கள். அழுத்து பொத்தானை மொத்த சப்ளை வழியில் வையுங்கள். வலை இழுத்துக்கொண்டிருக்கும் படகுக்கான அடையாளம் ஒரு நீண்ட ஒலியும் தொடர்ந்து இரண்டு குறுகிய ஒலிகளும். நீண்டது 4 முதல் 6 நொடி, குறுகியது ஒரு நொடி அளவு. 2 நிமிடத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. எதிரே தெரியும் கப்பல் என்ன செய்யப்போகிறது என்று புரியாவிட்டால் வேகமாகக் குறைந்தது ஐந்து குறுகிய ஒலிகள்.